கனத்த உடம்புக்கு எந்த டயர்?

கேள்வி: என் எடை 105 கிலோ. சென்னையிலிருந்து புதுச்சேரிவரை சைக்கிளில் போகிறேன். 25 மி.மீ. டயர். பின்சக்கரம் மட்டும் அடிக்கடி பஞ்சராகிறதே?
- வாசகர், அடையாறு

பதில்: எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. பஞ்சரான டியூபை எடுத்துப் பாருங்கள். பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால், முள் காரணமில்லை. காற்று குறைந்து, பள்ளத்தில் ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. நானும் 98 கிலோ. 32 மி.மீ. ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸ் போட்ட பிறகுதான் நிம்மதி. அதற்குள் 5 மி.மீ. ரப்பர் அடுக்கு இருக்கிறது. கனமான டயர்தான், மேடேறும்போது தெரியும், பரவாயில்லை. வாங்குமுன் ஃபிரேமிலும் பிரேக்கிலும் 32 நுழையுமா என்று அளந்துவிடுங்கள். நுழையாவிட்டால் 28 மி.மீ. கான்டினென்டல் கேட்டர்ஸ்கின். அப்புறம், கிளம்பும்போதெல்லாம் காற்றைக் கேஜ் வைத்தே பாருங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது நம் எடைக்குப் போதாது.