எடை ஏறாமல் ஸ்குவாட் ஏறுமா?

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 31. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஜிம் போகிறேன். பவர்லிஃப்டிங்கில், அதாவது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றிலும் எடை தூக்கும் போட்டியில், உடல் எடை 57 கிலோ வரையுள்ளவர்களுக்கான பிரிவில் மாவட்டப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டேன். இப்போது என் எடை 55.5 கிலோ. ஸ்குவாட்டில், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதில், 80 கிலோ ஒரு ரெப் (ஒரே ஒரு தடவை) எடுக்கிறேன். ஏழு மாதமாக அங்கேயே நிற்கிறேன். எழும்போது இடுப்பு முதலில் மேலே போய்விடுகிறது, நெஞ்சு முன்னால் சாய்கிறது. வாரத்தில் ஒரு நாள்தான் கால்களுக்கு. ஸ்குவாட் 12, 15 ரெப் என்று நான்கு செட், இனி முடியாது என்கிற வரைக்கும். அப்புறம் லெக் பிரஸ், லஞ்சஸ், லெக் எக்ஸ்டென்ஷன். "நல்லா சாப்பிட்டு எடையை ஏத்து, 63 கிலோ பிரிவுக்குப் போ" என்கிறார் பயிற்சியாளர். போன வருடம் அதையும் செய்தேன். நான்கு கிலோ ஏறியது. ஸ்குவாட் ஐந்து கிலோ கூடியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதால் மறுபடி எடையைக் குறைத்தேன், கூடிய ஐந்து கிலோவும் அதோடு போய்விட்டது. 57லேயே இருந்துகொண்டு 100 கிலோ எடுக்க முடியுமா? பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். உங்கள் பயிற்சியாளர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த "12, 15 ரெப், இனி முடியாது என்கிற வரைக்கும்" என்ற வரியைப் பற்றிப் பேச வேண்டும். ஏழு மாதத் தேக்கத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒருவருடைய பலம் தசையின் பருமனை மட்டும் பொறுத்ததல்ல. இருக்கிற தசையில் எவ்வளவு பகுதியை மூளையால் ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்க முடிகிறது, எவ்வளவு வேகமாக அதற்கு ஆணை அனுப்புகிறது, எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்துதான் பலம். 1979இல் மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. புதிதாக எடை தூக்குகிறவர்களுக்கு முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் பழகுவதால் வருகிறது, தசை வளர்ச்சியின் பங்கு அதற்குப் பின்னால்தான் பெரிதாகிறது. நரம்பு பழகுவது ஆரம்ப வாரங்களோடு நின்றுவிடுவதும் இல்லை. கனமான எடைக்குக் கீழே அடிக்கடி நின்று பழகப் பழக அது கூடிக்கொண்டே போகும்.

நீங்கள் அந்தப் பழக்கத்தை உடம்புக்குக் கொடுக்கவே இல்லை. 15 ரெப் போகிற எடை, அதிகபட்சத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. உங்களுக்கு அது 50 கிலோ பக்கம். அதைச் சோர்ந்து விழும்வரை செய்தால் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும், தொடையும் கொஞ்சம் பெருக்கும். ஆனால் 80 கிலோ தோளில் ஏறும்போது உடம்புக்கு அது அந்நியமாகவே இருக்கும். இன்னொரு கெடுதலும் உண்டு. ஒவ்வொரு செட்டிலும் கடைசி நாலைந்து ரெப் வடிவம் குலைந்துதான் வரும். இடுப்பு முதலில் எழுந்து நெஞ்சு சாய்கிறது என்கிறீர்களே, அதை வாரம் தவறாமல் நீங்களே பழக்கியிருக்கிறீர்கள். தொண்டை கட்டிய பிறகும் சாதகம் செய்கிற பாடகர் பிசிறைத்தான் பழகுவார்.

சரி, எடை ஏறாமல் பலம் ஏறியவர்கள் இருக்கிறார்களா? மீராபாய் சானுவைப் பாருங்கள். 2017 உலக சாம்பியன்ஷிப்பில் 48 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் (ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 85, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 109, மொத்தம் 194 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் எடைப் பிரிவுகளை மாற்றியபோது அவருடைய பிரிவு 49 கிலோ ஆனது. 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 தூக்கினார், அப்போது அது உலக சாதனை. அதே வருடம் டோக்கியோவில் 202 கிலோவோடு வெள்ளி. பிரிவின் வரம்பு கூடியது ஒரே ஒரு கிலோ, ஜெர்க்கில் ஏறியது பத்து கிலோ. அவர் செய்வது ஒலிம்பிக் பளுதூக்குதல், உங்கள் விளையாட்டு வேறு. ஆனாலும் அவர்களுக்கும் ஸ்குவாட்தான் அடித்தளம், கீழே உட்கார்ந்து எழுகிற பலம் இல்லாமல் அந்த 119 மேலே போகாது.

இனி உங்கள் வாரத்துக்கு வருவோம். ஒரு நாள் ஸ்குவாட்டை மூன்று நாளாகப் பிரியுங்கள். திங்கட்கிழமை 65 கிலோவில் ஐந்து செட், செட்டுக்கு மூன்றே ரெப். மொத்தம் பதினைந்துதானா என்று தோன்றும். சோவியத் பளுதூக்கும் வீரர்களின் பயிற்சியை வைத்துப் பிரிலெபின் என்ற பயிற்சியாளர் உருவாக்கிய அட்டவணை இன்றும் பயிற்சியாளர்கள் கையில் இருக்கிறது. அதிகபட்சத்தில் 80 முதல் 90 சதவீதம் வரையான எடைக்கு அது சொல்கிற மொத்த ரெப்பும் 15தான். புதன்கிழமை எடையைக் குறைத்து 52.5 கிலோ, ஆறு செட், இரண்டிரண்டு ரெப், ஆனால் அடியில் இரண்டு விநாடி அசையாமல் நின்று எழ வேண்டும். உங்கள் சாய்வுக்கு மருந்து இந்தப் புதன்கிழமைதான், லேசாக இருக்கிறது என்று தட்டிக் கழிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சூடுபடுத்திக்கொண்டு 72.5இல் ஒரே ஒரு ரெப், பிறகு 60 கிலோவில் நான்கு செட், மூன்று மூன்று.

செட்டுக்கு நடுவே மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். எந்த நாளும் இன்னும் இரண்டு ரெப் வரும் என்ற நிலையிலேயே பாரை ஸ்டாண்டில் வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை ஐந்து செட்டும் சுத்தமாக வந்தால் மட்டும் அடுத்த வாரம் 2.5 கிலோ கூட்டுங்கள். நாளாக ஆக அதுவும் பெரிய தாவலாகிவிடும். அப்போது முக்கால் கிலோ, அரைக் கிலோ பிளேட் ஒரு ஜோடி வேண்டும், பல ஜிம்களில் கிடைக்காது, சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நான்காவது வாரம் செட்களைப் பாதியாக்குங்கள். லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். ரொமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பிலிருந்து குனிந்து பாரை இறக்கி ஏற்றுவது) வாரம் ஒருமுறை மூன்று செட் போதும்.

இறங்கும் முன் வயிறு நிறைய மூச்சை இழுத்து, அடிக்க வருகிறவரை எதிர்கொள்வதுபோல் வயிற்றை இறுக்குங்கள். பெல்ட் போட்டால் சுற்றிலும் பெல்ட்டை அழுத்த வேண்டும். மேலே வந்து நின்ற பிறகுதான் மூச்சை விடுவது. பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பகுதிக்குக் கீழே போகிறதா என்றும் அதில் தெரியும், போட்டியில் தூக்கியது செல்லாது என்று நடுவர்களின் சிவப்பு விளக்கு எரிவது பெரும்பாலும் அவ்வளவு கீழே போகாததற்காகத்தான்.

சாப்பாட்டில் பெண்கள் செய்வதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. எடை ஏறக்கூடாது என்றதும் சோற்றை நிறுத்திவிடுகிறார்கள். வயிறு காய்ந்தால் பலம் ஏறாது. எடை அப்படியே நிற்கிற அளவுக்குச் சாப்பிடுங்கள், ஸ்குவாட் நாளில் சோறும் இட்லியும் தாராளமாக இருக்கட்டும். புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது உங்களுக்கு 90 கிராம் பக்கம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. அதனால் மீன், கோழி, தயிர், சுண்டல் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நிறையும். சோயா உருண்டை 50 கிராம் எடுத்தால் 25 கிராம் புரதம் கிடைத்துவிடும். எடையைத் தினமும் காலையில் பார்த்து வாரச் சராசரியை மட்டும் கவனியுங்கள். மாதவிலக்கை ஒட்டி ஒரு கிலோ தண்ணீர் ஏறி இறங்குவது சாதாரணம். தசைக்குச் சக்தி தரும் கிரியேட்டின் என்ற துணை உணவுப் பொடி தினம் 3 கிராம் எடுக்கலாம். அதனால் தசையில் தண்ணீர் சேர்ந்து அரைக் கிலோ, ஒரு கிலோ கூடலாம், உங்களுக்கு வரம்புவரை ஒன்றரைக் கிலோ இடம் இருக்கிறதே.

மாடிப்படியில் மூச்சு வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எடை ஏறியதால் மட்டும்தானா? ஹீமோகுளோபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அது இருந்தால் எந்த அட்டவணையும் வேலை செய்யாது.

இப்போது பயிற்சியாளர் சொன்னதற்கு வருகிறேன். நரம்பும் வடிவமும் கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைத் தொட்டபின் தசை வளர்ந்தே ஆக வேண்டும். பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி 1994, 1995 இரண்டு வருடமும் உலக சாம்பியன் ஆனது 54 கிலோ பிரிவில், 2000இல் சிட்னியில் வெண்கலம் வாங்கியது 69 கிலோ பிரிவில். நீங்கள் 19 வயதுப் பெண்ணாக இருந்தால், வளர்கிற உடம்பைப் பிரிவுக்குள் கட்டிப்போடாதே, சாப்பிடு என்றுதான் நானும் எழுதியிருப்பேன். 80 கிலோவில் நிற்கிற உங்களுக்கு அந்த எல்லை வெகுதூரம். உலகப் போட்டிகளில் 57 கிலோ பிரிவுப் பெண்கள் 150ஐத் தாண்டுகிறார்கள். மூன்று மாதத்தில் 87.5 அல்லது 90 வரும் என்று எதிர்பார்க்கிறேன். 100க்கு ஒரு வருடம் கொடுங்கள், நடுவில் எடை 56.5 ஆனால் பதறாதீர்கள்.

போட்டிக்கு முன் தண்ணீரை நிறுத்தி எடை குறைக்கும் வேலையும் உங்களுக்குத் தேவையில்லை. போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்புதான் எடை பார்ப்பார்கள், வற்றிய உடம்பு அதற்குள் தேறாது. காலையில் தராசில் ஏறி இறங்கியதும் உப்புப் போட்ட கஞ்சியோ இட்லியோ சாப்பிடுங்கள். முதல் வாய்ப்புக்கு, ஜிம்மில் மூன்று ரெப் சுத்தமாக வருகிற எடையைக் கொடுங்கள். திங்கட்கிழமை எடை 72.5 ஆகும்போது ஒரு வரி எழுதுங்கள், அதற்குமேல் எப்படிப் போவது என்று அப்போது உங்கள் வீடியோவைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா