சட்டத்தில் புரட்சி உண்டா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் சட்டம் பயிலும் மாணவி. முக்கியமான தீர்ப்பு எது வந்தாலும் அதைப் ‘பாரடைம் மாற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அறிவியல் வரலாற்றை விளக்க எழுந்த ஒரு கருத்து சட்டத்துக்கு உண்மையிலேயே பொருந்துமா, அல்லது இது வெறும் அலங்காரச் சொல்தானா?

பதில்: பாதி பொருந்தும். ஆனால் பலரும் கையில் எடுப்பது பொருந்தாத பாதியைத்தான்.

அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன் 1962-இல் வெளியிட்ட ‘அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு’ என்ற நூலின்படி, விஞ்ஞானிகள் பெரும்பாலான காலம் தங்கள் துறை ஏற்றுக்கொண்ட ஒரு சட்டகத்துக்குள் (இதுவே ‘பாரடைம்’) நின்றே புதிர்களை விடுவிக்கிறார்கள். அதற்குள் அடங்காத முரண்கள் சேர்ந்து நெருக்கடி முற்றும்போது வேறொரு சட்டகம் அதன் இடத்தைப் பிடிக்கிறது. இந்நூலை மேற்கோள் காட்டும் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. பாரடைம் எவ்வாறு இயங்குகிறது என்று விளக்கும்போது, முன்தீர்ப்புகளைப் பின்பற்றி வளரும் பொதுச்சட்ட மரபில் ஏற்கப்பட்ட ஒரு தீர்ப்பைப் போல அது புதிய சூழல்களில் மேலும் மேலும் தெளிவாக்கப்பட வேண்டியது என்கிறார் கூன். சட்ட அறிஞர்கள் கூனிடம் கடன் வாங்குவதற்கு முன்பே கூன் சட்டத்திடம் கடன் வாங்கியிருந்தார்!

பொருந்தும் பாதியை ஒரு வழக்கு வரிசையில் பார்க்கலாம். 1842-இல் இங்கிலாந்தில் அஞ்சல் வண்டி ஒன்று பழுதினால் முறிந்து, அதை ஓட்டியவர் நிரந்தரமாக முடமானார். வண்டியைப் பழுதின்றி வைத்திருப்பதாக ரைட் என்பவர் ஒப்பந்தம் செய்திருந்தது அஞ்சல் துறைத் தலைவருடன்தான், ஓட்டுநருடன் அன்று. ஆகவே ஓட்டுநர் அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றது நீதிமன்றம். ஒப்பந்தம் இல்லையேல் பொறுப்பு இல்லை என்பதே அன்றைய சட்டகம். பத்து ஆண்டுகளில் முதல் முரண் வந்தது. 1852-இல் நியூயார்க்கில், பெல்லடோனா என்ற நச்சுச் சாறு தவறான பெயர்ச்சீட்டுடன் மருந்தாக விற்கப்பட்டு, வாங்கியவரின் மனைவியைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. உயிருக்கு நேரடி ஆபத்து விளைவிக்கும் பொருள் என்பதால் இது விதிவிலக்கு என்று சொல்லி இழப்பீட்டுக்கு வழிவிட்டார்கள். பிறகு 1882-இல் வேலையாட்கள் ஏறி நிற்கும் ஒரு சாரமும், 1909-இல் வெடித்துச் சிதறிய ஒரு காப்பிக் கொதிகலனும் அதே விலக்குக்குள் நுழைந்தன. சாரத்தையும் காப்பிக் கலனையும் நஞ்சோடு ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தபோதே பழைய சட்டகம் விரிசல் கண்டுவிட்டது. 1916-இல் மேக்பெர்சன் எதிர் பியூக் வழக்கில், ஒரு காரின் சக்கரத்து மர ஆரங்கள் நொறுங்கியதற்கு, வாங்கியவரோடு நேரடி ஒப்பந்தம் ஏதுமில்லாத உற்பத்தியாளரே பொறுப்பு என்று நீதிபதி கார்டோசோ தீர்ப்பளித்தார்.

இதுவரை கூன் சொன்னபடியே நடக்கிறது. இனிமேல்தான் வழி பிரிகிறது. கார்டோசோ பழைய விதியைத் தூக்கி எறிந்ததாக எழுதவில்லை. குதிரை வண்டிக் காலத்து முன்தீர்ப்புகள் இன்றைய பயணத்துக்குப் பொருந்தா என்று சொல்லிவிட்டு, கோட்பாடு மாறவில்லை, அதற்கு உட்படும் பொருள்கள்தாம் மாறுகின்றன என்று உடனே சேர்த்துக்கொண்டார். நச்சு வழக்கிலேயே இந்த நெறி இருந்தது என்பதுதான் அவர் வாதம். உடைப்பதை உடைப்பு என்று அறிவித்துக்கொள்ள விஞ்ஞானிக்குத் தடையில்லை. நீதிபதியோ, முன்பே இருந்த சட்டத்தைத்தான் சொல்கிறேன் என்பதிலிருந்து தம் அதிகாரத்தைப் பெறுகிறவர். ஆகவே சட்டத்தில் புரட்சி பெரும்பாலும் தொடர்ச்சியின் உடையணிந்தே வருகிறது, பின்னாளில் வரலாறு எழுதுபவர்தான் அதற்குப் புரட்சி என்று பெயரிடுகிறார். வெளிப்படையாக உடைத்த தீர்ப்புகளும் உண்டு. இனப் பிரிவினையை அனுமதித்த 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தமக்கு முரணாக உள்ளவற்றை நிராகரிப்பதாக 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. ஆனால் அங்கும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 1896-இல் நீதிபதி ஹார்லன் தனியொருவராக எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, பெரும்பான்மைத் தீர்ப்புடன் சேர்ந்தே அச்சாகி, மேற்கோளுக்குரியதாக இருந்துவந்தது. அறிவியலிலோ, எரியும்போது வெளியேறும் ஃபுளோஜிஸ்டன் என்ற பொருள் எரிபொருள்களில் இருக்கிறது என்ற பழைய கொள்கையை எந்த வேதியியலாளரும் இன்று துணைக்கு அழைப்பதில்லை.

இன்னொன்று, காலம். புதன் கோளின் பாதையில் நியூட்டனின் கணக்குக்கு அடங்காத சிறு விலகலை லெ வெரியே 1859-இல் சுட்டிக்காட்டினார். ஐன்ஸ்டைன் அதை விளக்கியது 1915-இல். 56 ஆண்டுகள் அந்த முரணை ஓரமாக வைத்துவிட்டு வானியல் தன் வேலையைப் பார்த்தது. தன் முன் வந்த வழக்கை அப்படி வைக்க நீதிமன்றத்துக்கு உரிமை இல்லை. (நடைமுறைத் தாமதம் வேறு கதை.) விடை தெரியாவிட்டாலும் யாரோ ஒருவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: நீதிமன்றங்கள் அறிவியல் மெய்யியலை நேரடியாகப் பயன்படுத்தியது உண்டா?

பதில்: உண்டு. 1923-இல் அமெரிக்காவில், இரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டறியும் ஒரு சோதனையைச் சாட்சியமாக ஏற்க மறுத்த மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தந்தத் துறையினர் பொதுவாக ஏற்றுக்கொண்ட முறையாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலை வைத்தது. கூனின் நூல் வெளிவர இன்னும் 39 ஆண்டுகள் இருந்தாலும், விஞ்ஞானிகள் சமூகத்தின் ஒப்புதலே அறிவுக்கு அடையாளம் என்ற நோக்கு அதில் இருக்கிறது. புதிய சட்டகம் ஒன்று பிறக்கும் தருணத்தில் இந்த அளவுகோல் அதை வாசலிலேயே நிறுத்திவிடும் என்பது அதன் குறை.

1993-இல் டாபர்ட் வழக்கில், கருவுற்ற தாய்மார் உட்கொண்ட பெண்டெக்டின் மருந்தால் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு ஏற்பட்டதா என்ற வினா எழுந்தபோது, உச்ச நீதிமன்றம் அறிவியல் மெய்யியலாளர் கார்ல் பாப்பரையே மேற்கோள் காட்டியது: ஒரு கருத்தைச் சோதித்துத் தவறென்று காட்ட வழி இருக்கிறதா என்று நீதிபதி பார்க்க வேண்டும், பிழை விகிதத்தையும் சக ஆய்வாளர் மதிப்பீட்டையும் கருதலாம், துறையின் பொது ஏற்பு இவற்றோடு சேர்ந்த ஒன்று மட்டுமே. பாப்பரும் கூனும் அறிவியல் எப்படி வளர்கிறது என்பதில் நேரெதிராக வாதிட்டவர்கள். இருவரின் நோக்கையும் ஒரே பட்டியலில் அமர்த்திவிட்டது நீதிமன்றம். மெய்யியலாளர் இதைக் குழப்பம் என்பார், வழக்கறிஞருக்கு இது அன்றாடம். பாப்பர் சொல்லும் இந்தப் ‘பொய்ப்பிக்கத்தக்க தன்மை’ என்றால் என்னவென்று தமக்கே புரியவில்லை என்று அதே வழக்கின் பகுதி மாறுபட்ட தீர்ப்பில் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதினார். கீழமை நீதிபதிகள் சிலருக்கும் அதே நிலை நேரும் என்று அவர் ஐயுற்றார்.