கலிபியே: ஏறுவது யார், இறங்குவது யார்?

வணக்கம்.

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள கலிபியே கணவாய் பற்றிய கட்டுரையில் ‘சாதாரண உடல்நிலை உள்ள யாரும் சைக்கிளில் ஏறிவிடலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு என் கணவர் புது சைக்கிளே வாங்கிவிட்டார். இருவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. லியோனில் இருக்கிறோம். வார இறுதிகளில் ஆற்றங்கரையில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவோம். மலை ஏறியதில்லை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்களே அங்கே தள்ளாடுவதை டிவியில் பார்க்கிறோம். 2642 மீட்டர் உயரத்துக்கு யாரும் ஏறலாம் என்று எழுதுவது பொறுப்பான பேச்சா? ஜூலையில் போவதாகத் திட்டம். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

லியோனிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அந்த வரியை நான் மாற்ற மாட்டேன். டிவியில் தள்ளாடுகிறவர்கள் பக்கத்தில் வருபவனை உதறிவிடும் வேகத்தில் ஏறுகிறவர்கள். அதே சாலையில் அவர்களின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஏறினால் அது வேறு மலை. உங்களுக்கு வேண்டியது தசைபலத்தைவிட கியர். சங்கிலி ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்றுதான். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போவீர்கள். புது சைக்கிளில் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். 28 என்றால் கடைக்காரரிடம் இன்னும் பெரியதாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

1911-ல் டூர் முதன்முதலாகக் கலிபியே ஏறியபோது எமில் ஜோர்ஜே முதலில் வந்தார். அவரையும் சேர்த்து மூன்றே பேர்தான் தரையில் கால் ஊன்றாமல் ஏறியதாகச் சொல்வார்கள். மற்றவர்கள் இறங்கித் தள்ளினார்கள். தார் இல்லாத சாலை, கனமான சைக்கிள். மிதித்தபடியே கியர் மாற்றும் வசதியை டூர் அனுமதித்தது 1937-ல்தான். அந்த ஜாம்பவான்களே தள்ளிய மலையில் நீங்கள் இறங்கி நூறு மீட்டர் நடந்தால் எந்தக் குறையும் இல்லை.

வடக்கிலிருந்து, அதாவது சேன் மிஷேல் த மொரியேனிலிருந்து ஏறுங்கள். முதல் 12 கிலோமீட்டர் தெலெக்ராஃப் கணவாய்க்குக் காட்டு வழி, நிழல் உண்டு. அப்புறம் வல்வார் ஊருக்குக் கொஞ்சம் இறக்கம். அங்கே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். உண்மையான கலிபியே அங்கேதான் ஆரம்பிக்கிறது: 18 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 7 சதவீதத்தை ஒட்டி. சாலையோரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கல். இப்போது எவ்வளவு உயரம், உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், அடுத்த கிலோமீட்டரின் ஏற்றம் எத்தனை சதவீதம் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கல் ஒரு கருணையான ஏற்பாடு. முழு மலையையும் நினைக்காமல் அடுத்த கல் வரைக்கும் மட்டும் மிதிக்கலாம்.

வழியில் வரும் பிளான் லஷா என்ற இடத்தில் பாலத்தைத் தாண்டியதும் சாலை வலதுபக்கம் திரும்பி, கொண்டை ஊசி வளைவுகளாக எழும்பும். மரம் கிடையாது, புல்லும் பாறையும்தான். கடைசி 8 கிலோமீட்டர், கடினமான பகுதி இதுதான். உச்சியில் கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் கால்வாசிக்கு மேல் குறைவு, மூச்சு வாங்கும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும். ஏறுவதற்கு மட்டும் நான்கு மணி நேரம், ஓய்வும் சேர்த்து ஐந்து, ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக்கூடாது.

சரி, இனி நான் நிஜமாகவே பயப்படும் விஷயம். யாரும் ஏறலாம் என்று சொல்கிற அதே உறுதியோடு சொல்கிறேன்: பழகாதவர் இறங்கக்கூடாது. டூர் ஓட்டத்தில் விழுந்து உயிரிழந்த முதல் வீரரான ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ செபேதா விழுந்தது 1935-ல், இதே கலிபியேயின் இறக்கத்தில். ஏறும்போது களைத்தால் வேகம் குறையும், நின்றுவிடலாம். இறங்கும்போது களைத்த கை பிரேக்கை விட்டால் வேகம் கூடும். அதோடு குளிர். அடிவாரத்தைவிட உச்சி சுமார் 12 டிகிரி குறைவாக இருக்கும். ஏறும்போது வியர்வையில் ஊறிய சட்டை இறங்கும் காற்றில் உடம்பை விறைக்க வைக்கும். விரல் மரத்துப் போய், பிரேக் பிடியை அழுத்துகிறோமா இல்லையா என்றே தெரியாமல் போகும். ஜூலை வெயிலில் இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முழுவிரல் கையுறையும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் முதுகுப் பையில் கட்டாயம் இருக்கட்டும். உச்சியில் போட்டோ எடுக்கும் முன்பே அவற்றைப் போட்டுவிடுங்கள்.

பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள், சூடேறும். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். பார்வை வளைவின் முடிவில் இருக்கட்டும், பள்ளத்தில் வேண்டாம். இதை ஜூலைக்குள் லியோனைச் சுற்றியுள்ள சின்னக் குன்றுகளில் இருவரும் பழகுங்கள். ஏற்றத்துக்கான பயிற்சி அதிலேயே கிடைத்துவிடும்.

விடியற்காலையில் கிளம்புங்கள். கோடையில் ஆல்ப்ஸில் பிற்பகல் இடி மழை சகஜம், ஒதுங்க மரம்கூட இல்லாத இடம் அது. தெற்கே லொத்தாரே கணவாய்ப் பக்கம் இறங்கினால் மேய்ஜ் மலையின் பனியாறு எதிரே தெரியும், டூரைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்ஜின் நினைவுத்தூணும் அந்தப் பக்கம்தான். உச்சிக்கு அடியில் போகும் பழைய சுரங்கத்துக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நண்பர் யாராவது காரில் உச்சி வரை வர முடிந்தால் வரச் சொல்லுங்கள். மேலே போனபின் கை நடுங்கினாலோ சாலை ஈரமாக இருந்தாலோ சைக்கிளைக் காரில் ஏற்றிவிடுங்கள். உங்கள் கணவரிடம் இதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், உச்சியில் வைத்துப் பேசினால் அவர் கேட்க மாட்டார்.

அன்புடன்.