அத்திமரம் செய்த பிழை என்ன?

கேள்வி: பைபிளை இரண்டு தரம் முழுக்க வாசித்துவிட்டேன். மாற்கு 11இல், பழக்காலமே இல்லாதபோது பழம் தேடிப்போன இயேசு மரத்தைச் சபிக்கிறார். அநியாயமாகப் படுகிறது. ஆழமாக வாசிப்பது எப்படி? விளக்கவுரை நூல் ஒன்றும் கையில் இல்லை. (மல்லாவி வாசகர்)

பதில்: அந்த வசனத்தை மட்டும் பார்த்தால் அநியாயம்தான். 11:12 முதல் 21 வரை ஒரே இருப்பில் சத்தமாக வாசியுங்கள். இடைத்தலைப்புகளைக் கடதாசியால் மறையுங்கள். அவை பதிப்பித்தவர்கள் போட்டவை. வசன எண்களே 1551இல் ஓர் அச்சகர் புதிய ஏற்பாட்டுக்கு இட்டவைதான்.

இப்போது ஒழுங்கு தெரியும்: மரம், இயேசு வியாபாரிகளைத் துரத்தும் ஆலயம், மறுபடி மரம். ஒரு கதையின் வயிற்றுக்குள் இன்னொன்றை வைப்பது மாற்குவின் கைப்பழக்கம். பட்டுப்போன மரம் ஆலயத்துக்கான அடையாளம்.

நம் ஆற்றங்கரை அத்தியை இங்கே நினைக்கவேண்டாம். அது அடிமரத்தில் காய்க்கும் வேறு இனம். பாலஸ்தீன அத்தி மாரியில் இலையுதிர்த்து, இக்கதை நடக்கும் பாஸ்கா பண்டிகைக் காலத்தில் துளிர்க்கும். துளிரோடு சிறு முன்காய்களும் வரும். இந்த மரத்தில் இலை மட்டும்தான்.

அடுத்து, கொப்பித் தாளை மூன்றாக மடித்து மத்தேயு 21:12-22, மாற்கு 11:12-25, லூக்கா 19:45-48 மூன்றையும் அருகருகே எழுதுங்கள். மத்தேயுவில் ஆலயம் முதலில் முடிந்துவிடுகிறது, மரம் உடனே பட்டுப்போகிறது. லூக்காவில் மரமே இல்லை. ஜெபவீடு 'எல்லா ஜனங்களுக்கும்' என்பது மாற்குவில் மட்டும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: மூன்றையும் குழைத்து ஒரே கதையாக்கினால் மூவர் சொல்லவந்ததும் போய்விடும்.

கடைசியாக, ஆலயத்தை இயேசு 'கள்ளர் குகை' என்கிறாரே, அது எங்கிருந்து வந்தது? பழைய ஏற்பாட்டில், எரேமியா 7:11. அந்த வரியோடு நில்லாமல் 7:1 முதல் 8:13 வரை போங்கள். களவும் கொலையும் செய்துவிட்டு ஆலயத்துக்குள் வந்து 'தப்பினோம்' என்பவர்களை எரேமியா ஏசுகிறார். ஆக, குகை என்பது கொள்ளையடிக்கும் இடமல்ல, அடித்தபின் ஒளிக்கும் இடம். வியாபாரிகள் விலை கூட்டி விற்றதுதான் குற்றம் என்ற வழக்கமான பிரசங்கம் இதைத் தவறவிடுகிறது. 8:13இல் என்ன இருக்கிறது தெரியுமா? பழமில்லாத அத்திமரம்.

அடுத்த கிழமை மாற்கு 6:7-30ஐ இப்படியே பிரியுங்கள். சீடரை அனுப்புவதற்கும் அவர்கள் திரும்புவதற்கும் நடுவில் யோவானின் தலை ஏன் வருகிறது என்பதைக் கொப்பியில் எழுதியபிறகு, பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ விளக்கவுரை இரவல் கேளுங்கள்.