7.57 வராமல் 8.76 வந்தது ஏன்?

கேள்வி: பிளஸ் ஒன் இயற்பியலில் இந்த வகைக் கணக்கு எனக்கு ஒவ்வொரு முறையும் தவறிப்போகிறது. ஒரு வண்டி கிழக்கே 3 கி.மீ., பிறகு வடக்கிலிருந்து மேற்காக 30° சாய்ந்த திசையில் 10 கி.மீ., பிறகு நேர் தென்மேற்கே 4 கி.மீ. செல்கிறது. இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு நேர்க்கோட்டுத் தூரமும் திசையும்) என்ன? எனக்கு 8.76 கி.மீ., −14.3° என்று வருகிறது. சரியான விடை 7.57 கி.மீ., மேற்கிலிருந்து வடக்காக 50.4°. எங்கே பிசகுகிறது?
– மாணவி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பிசகு எங்கே என்பதை உங்கள் 8.76 என்ற எண்ணே காட்டிக்கொடுத்துவிடுகிறது. கூட்டலிலும் வர்க்கமூலத்திலும் தவறில்லை. இரண்டாவது வெக்டரை, அதாவது அந்த 10 கி.மீ. பயணத்தை, கிழக்கு, வடக்குக் கூறுகளாகப் பிரித்தபோது சைனும் கொசைனும் இடம் மாறிவிட்டன.

கிழக்குக்குக் கொசைன், வடக்குக்குச் சைன் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். கோணத்தைக் கிழக்கு–மேற்குக் கோட்டிலிருந்து அளந்தால்தான் அது செல்லும். இங்கே கோணம் வடக்கிலிருந்து தொடங்குகிறது. கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்படுகிறதோ, அந்தக் கோட்டின் கூறுக்கே கொசைன். சூத்திரம் மறந்தாலும் படம் கைகொடுக்கும்: வடக்கிலிருந்து 30° மட்டுமே விலகிய வண்டி பெரும்பாலும் வடக்கே போயிருக்கும், கொஞ்சம்தான் மேற்கே. அப்படியானால் 10 கொசைன் 30° = 8.66 வடக்குக்கு, 10 சைன் 30° = 5 மேற்குக்கு. நீங்கள் அதைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள்.

கிழக்கையும் வடக்கையும் நேர்க்குறியாகக் கொண்டு திரும்பப் போடுவோம்.

முதல் வெக்டர்: கிழக்கு +3, வடக்கு 0
இரண்டாவது: கிழக்கு −5, வடக்கு +8.660
மூன்றாவது: கிழக்கு −2.828, வடக்கு −2.828
மொத்தம்: கிழக்கு −4.828, வடக்கு +5.832

வர்க்கங்கள் 23.31, 34.01. கூட்டினால் 57.32, வர்க்கமூலம் 7.57 கி.மீ. வண்டி கடந்த தொலைவு 17 கி.மீ.; அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இடையில் மூன்று தசம இடங்கள் வைத்துக்கொண்டு, கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

இரண்டாவது பிசகு திசையில். இது சைன் குழப்பத்தைவிட மோசமானது, ஏனென்றால் எண்மதிப்பு சரியாக வந்த பிறகும் மதிப்பெண்ணைப் பறித்துவிடும். −14.3° என்றால் கிழக்கிலிருந்து தெற்காக என்று பொருள். ஆனால் உங்கள் கூறுகளே மேற்கையும் வடக்கையும் சொல்கின்றன. விடை நேர் எதிர்த்திசையைக் காட்டுகிறது! வடக்குக் கூறைக் கிழக்குக் கூறால் வகுத்ததும், இரண்டில் எது குறைக்குறி என்ற செய்தி தொலைந்துபோகிறது. அதனால் தலைகீழ் டேன்ஜென்ட் கேட்டால் கால்குலேட்டர் −90° முதல் 90° வரைக்குள் உள்ள ஒரு கோணத்தை மட்டுமே தரும்.

எனவே குறிகளை விட்டுவிட்டு வகுங்கள்: 5.832 ÷ 4.828 = 1.208, கோணம் 50.4°. திசையின் பெயரைக் கூறுகளின் குறியிலிருந்து எடுங்கள்: கிழக்கு குறைக்குறி என்றால் மேற்கு, வடக்கு நேர்க்குறி என்றால் வடக்கு. வகுத்தலில் கீழே (வகுக்கும் எண்ணாக) மேற்குக் கூறு இருப்பதால் கோணம் மேற்கிலிருந்து தொடங்குகிறது. கிழக்கிலிருந்து இடஞ்சுழியாகக் கேட்டால் 180 − 50.4 = 129.6°.

எழுதி முடித்ததும் வரைபடத்தாளில் 1 செ.மீ.க்கு 1 கி.மீ. என்ற அளவில் மூன்று அம்புகளையும் நுனியோடு வால் சேர்த்து வரையுங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து கடைசி நுனிக்கு அளவுகோல் வைத்தால் ஏறத்தாழ 7.6 செ.மீ. காட்ட வேண்டும். அம்புகளின் வரிசையை மாற்றினாலும் அதே இடத்தில்தான் முடியும். கால்குலேட்டர் வைத்துப் பயிற்சி செய்தால் முதலில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வராமல் −0.988 வந்தால் அது டிகிரியில் இல்லை, ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கிறது.

முப்பரிமாணக் கணக்குக்கும் இதே வழிதான். ஏற்காடு, சேலத்திலிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. வடக்கே, 7 கி.மீ. கிழக்கே, 1.2 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாலையில் ஏறக்குறைய 30 கி.மீ. இடப்பெயர்ச்சிக்கு அந்த வளைவுகள் கணக்கில் இல்லை: √(144 + 49 + 1.44) = 13.94 கி.மீ. உயரத்தை அடியோடு விட்டுவிட்டால் 13.89. வர்க்கப்படுத்தும்போது சிறிய கூறு இன்னும் சிறுத்துவிடுவதால், அத்தனை ஏற்றமும் வெறும் 50 மீட்டரைத்தான் கூட்டுகிறது.