உண்ணி ஊசி: பூஸ்டர் போட்டா எத்தினை வருசத்துக்குத் தாங்கும்?

கேள்வி: மகள் சுவிஸில காட்டுக்குப் பக்கத்தில இருக்கிறா. உண்ணி கடிச்சு வாற மூளைக்காய்ச்சலுக்கு மூண்டு ஊசியும் போட்டிட்டா, இனி 10 வருசத்தில பூஸ்டர் போட்டாக் காணும் எண்டு டொக்டர் சொன்னவராம். ஜேர்மனியில இருக்கிற மச்சாளை 3 வருசத்தில வரச்சொல்லினமாம். ஆற்ர கதை சரி? எங்கட மாட்டுப்பட்டியிலயும் உண்ணி நிறைய, எங்களுக்கும் அந்த ஊசி வேணுமோ?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, ரெண்டு பேரும் சொன்னது அந்தந்த நாட்டு முறைதான். ஜேர்மனியில மூண்டாவது ஊசிக்குப் பிறகு 3 வருசத்தில முதல் பூஸ்டர், பிறகு 5 வருசத்துக்கு ஒருக்கா, வயசு போன ஆக்களுக்கு 3 வருசத்துக்கு ஒருக்கா. சுவிஸில 2006இல இருந்தே 10 வருசம் எண்டு மாத்திப்போட்டினம். ஊசி வந்த காலத்தில கவனமா இருக்கவேணும் எண்டு குறைஞ்ச காலம் வச்சவை, பிறகு பூஸ்டர் போட்ட ஆக்களின்ர ரத்தத்தை வருசக்கணக்கா பாத்துக்கொண்டு வர, 10 வருசம் போயும் கனபேருக்கு எதிர்ப்புச்சக்தி நல்லா இருந்திருக்கு. வயசு போன ஆக்களுக்குத்தான் அது கெதியா இறங்கும், அதால 60 தாண்டின ஆக்கள் 10 வருசம் பாத்துக்கொண்டிருக்காம டொக்டரிட்டக் கேட்டு முந்தியே போடுறது நல்லது எண்டுதான் நான் சொல்லுவன்.

பூஸ்டர் பிந்திட்டுது எண்டு பயந்து முதலில இருந்து மூண்டும் போடத் தேவையில்லை, ஒரு ஊசி போட்டாலே உடம்பு பழசை ஞாபகம் வச்சு எழும்பும். ஆனா ரெண்டோட விட்டிட்டா கனகாலம் நிக்காது, மூண்டாவதுதான் முக்கியம், மருமகனும் பிள்ளையளும் அதைப் போட்டிட்டினமோ எண்டு கேளுங்கோ. இந்த ஊசி லைம் எண்ட பக்டீரியா நோயைத் தடுக்காது, அதையும் அங்க உண்ணிதான் பரப்புது, அதால ஊசி போட்டாலும் காட்டுக்குப் போய் வந்தா பிள்ளையளின்ர தலைமயிருக்குள்ள, காதுக்குப் பின்னால, கக்கத்துக்குள்ள, முழங்காலுக்குப் பின்னால பாக்கவேணும்.

உங்களுக்கு அந்த ஊசி தேவையில்லை. அந்த மூளைக்காய்ச்சலைக் குடுக்கிற வைரஸ் ஐரோப்பாவிலயும் ஆசியாவின்ர குளிர்க்காடுகளிலயும் இருக்கிறது, வன்னியில இல்லை. எண்டாலும் இங்க உண்ணியாலயும் பற்றைக்குள்ள இருக்கிற சின்னப் பூச்சியளாலயும் வேற காய்ச்சல் வரும், அதுக்கு ஊசி இல்லை, டொக்ஸிசைக்ளின் எண்ட அன்டிபயோட்டிக் குளிசை நல்லாக் கேக்கும், ஆனா நேரத்துக்குத் தொடங்கவேணும். அரையில, கக்கத்தில சிகரெட்டால சுட்டமாதிரி ஒரு கறுத்தப் பொருக்கு இருந்து காய்ச்சலும் தலையிடியும் விடாம இருந்தா, பனடோலோட வீட்டில படுத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, பட்டியில வேலை செய்யிறனான் எண்டதை நீங்களாவே சொல்லுங்கோ, அவையள் கேக்கட்டும் எண்டு பாத்திருக்காதேங்கோ. கடிச்சுக்கொண்டிருக்கிற உண்ணியை மண்ணெண்ணெய் ஊத்தியோ நெருப்புக்குச்சியால சுட்டோ கழட்டக் கூடாது, சின்னக் குறடால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேராய் மெதுவா இழுங்கோ, நசிச்சுப்போடாம.