வெள்ளி இரவு டியூட்டி வேண்டாம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். எட்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, டர்பன் துறைமுகத்தில் ஒரு சரக்கு கிளியரிங் கம்பெனிக்கு மாறினேன். இப்போது மேனேஜர், ஓயாத வேலை. நர்ஸ் தொழிலை விட மனம் வராததால் ஏஜென்சி மூலம் வெள்ளி, சனி இரவுகளில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்க்கிறேன். திங்கட்கிழமை ஆபீஸில் எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. "வெள்ளிக்கிழமை விளக்கேற்றக்கூட நீ வீட்டில் இல்லை, ஏதாவது ஒன்றை விடு" என்கிறார் அம்மா. எதை விடுவது?

பதில்: அன்புள்ள சகோதரி, இரண்டு வேலைகளில் எதையும் நீங்கள் விட வேண்டாம். இரவு டியூட்டியை மட்டும் விடுங்கள், முதலில் வெள்ளி இரவை, இந்த வாரமே.

காரணம் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்து, ஏழு மணிக்கு வார்டில் நிற்கிறீர்கள். இரவு பத்தரைக்கு நீங்கள் விழித்து 17 மணி நேரம் ஆகிவிடும். அந்த நிலையில் ஒருவரின் கண்ணும் கையும் சேர்ந்து இயங்கும் திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்கு நிகராகக் குறைகிறது என்று 1997இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டில் அந்த அளவு மதுவோடு கார் ஓட்டினாலே குற்றம். விடியும்போது 24 மணி நேரம் ஆகிறது. அப்போது அது ஏறக்குறைய இரண்டு மடங்கு மதுவுக்குச் சமம். காலை மருந்து கொடுப்பதும், இன்சுலின் அளவு பார்ப்பதும், அடுத்த ஷிப்ட்டுக்கு நோயாளிகளை ஒப்படைப்பதும் அந்த நேரத்தில்தான். பிறகு நீங்களே கார் ஓட்டி வீடு திரும்புகிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

உங்கள் உழைப்பில் குறையில்லை. எவ்வளவு மன உறுதி இருந்தாலும் தூங்காத மூளை அதற்குக் கட்டுப்படாது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ந்து 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறது நம் தொழிலாளர் சட்டம். ஆனால் ஆபீஸையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க உங்களைத் தவிர யாருமில்லை.

அதனால் ஏஜென்சியிடம் சனி இரவுக்குப் பதிலாகச் சனிக்கிழமை பகல் டியூட்டி கேளுங்கள், மாதத்துக்கு இரண்டு போதும். பகல் பணத்துக்கும் இரவு பணத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே வார்டைக் கேட்டு வாங்குங்கள். எப்போதாவது வருகிற நர்ஸுக்கு மருந்து அலமாரி எங்கே, எந்த டாக்டர் எப்படி எழுதுவார் என்பதெல்லாம் புதிதாக இருந்தால் களைப்பு இரட்டிப்பாகும். துறைமுகத்தில் வேலை நெருக்கும் வாரங்களில் டியூட்டி எடுக்கவே வேண்டாம். எந்த வாரங்கள் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஞாயிற்றுக்கிழமை தூங்கவும் வீட்டுக்கும்.

ஆபீஸில் இதுவரை சொல்லவில்லையென்றால் எழுத்தில் தெரிவித்து அனுமதி வாங்குங்கள். வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை கூடாது என்று இருக்கலாம். வருமான வரியையும் கவனியுங்கள்: இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பிடிக்கிறார்கள். வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது வரித்துறையான சார்ஸுக்கு (SARS) நீங்கள் மேற்கொண்டு கட்ட வேண்டி வரும். டியூட்டிப் பணத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கி வையுங்கள்.

டியூட்டி குறைந்தாலும் நர்சிங் கவுன்சிலின் வருடக் கட்டணத்தை டிசம்பர் 31க்குள் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். திரும்பச் சேர்க்க அபராதமும் அலைச்சலும். எட்டு வருடம் சம்பாதித்த தகுதியை அப்படி இழக்கக்கூடாது.

உங்கள் அம்மா "ஒன்றை விடு" என்பது நர்ஸ் வேலை பிடிக்காமல் அல்ல என்று நினைக்கிறேன். வாரக் கடைசியில் மகள் முகத்தையே பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கம் அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போங்கள். மூன்று மாதம் இப்படி இருந்து பார்த்தும் திங்கட்கிழமைக் களைப்பு தீரவில்லையென்றால் முதலில் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தசோகை, தைராய்டு போன்றவையும் இப்படித்தான் ஆளைச் சாய்க்கும். அதன் பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.